ரின்னில் அடைத்த கௌரவம்

குடியைப் பற்றி எழுத முற்படும்போது நாம் எல்லோரும் சாராயத்தையும் கசிப்பையுமே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறோம். பியர் தப்பிவிடுகிறது. அதிலும் வண்ணம் தீட்டிய ரின்னில் அடைத்து, குளிர்பெட்டியிலிருந்து எடுத்துக் கையில் தரப்படும் பியர் என்றால் அதைக் குடி என்று சொல்லவே பலருக்கு நா எழுவதில்லை. “இது பியர்தானே மாமா, சாராயமா?” என்று மருமகன் கேட்கிறான். மாமாவும் சிரித்துக்கொண்டே கையை நீட்டுகிறார். மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் இன்று விசேஷ வீடுகளில் சாதாரணமாகக் காணக்கூடியது இது. முன்பு இதே வீடுகளில் குடிப்பவர்கள் கிணற்றடிக்கோ பின்வளவுக்கோ ஒதுங்கிப் போவார்கள். இப்போது முன்விறாந்தையிலேயே கதிரை போட்டு அமர்ந்திருக்கிறார்கள்.

இம்மாற்றம் நல்லதா, கெட்டதா? கேட்பதற்கு இலகுவான கேள்விதான். ஆனால் மறுமொழி சொல்லத் தொடங்கினால், வெட்கம் என்பது ஒழுக்கத்தின் பகுதியா, வெறும் ஊர்ப்பயமா என்ற பழைய கேள்வி ஒன்று குறுக்கே வந்து நிற்கிறது. அதைத் தாண்டாமல் இதற்கு விடை காண முடியாது.

ரின் பியருக்கு மரியாதை வந்த கதையை முதலில் பார்ப்போம். 1935ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்து றிச்மண்ட் நகரில் முதன்முதலாகப் பியர் தகரத்தில் அடைத்து விற்கப்பட்டது. அதன்பின் பல்லாண்டு காலம் தகரப் பியர் என்றாலே மலிவுச் சரக்கு என்றுதான் பொருள். நல்ல பியர் கண்ணாடிப் போத்தலில் வரும் என்பது குடிப்பவர்களின் எண்ணம். பெரிய ஆலைகளின் ஒரே மாதிரியான பியரில் சலிப்புற்ற சிலர் 1970களின் பிற்பகுதி தொடக்கம் சிறு ஆலைகளை அமைத்து, தம் மேற்பார்வையில், பலவித சுவைகளில் பியர் காய்ச்சத் தொடங்கினர். இதுவே ‘கிராஃப்ட் பியர்’, அதாவது கைவினைப் பியர், எனப் பெயர் பெற்றது. அவர்களும் போத்தலையே நம்பியிருந்தார்கள். 2002இல் கொலராடோ மாநிலத்தின் லயன்ஸ் என்னும் சிற்றூரில் ஒஸ்கார் புளூஸ் என்ற சிறிய ஆலை துணிந்து தனது பியரை ரின்னில் அடைத்தது. நகைத்தவர்களும் பின்னர் அதே வழியில் வந்தார்கள். இன்று லண்டனிலும் ரொறன்ரோவிலும் கடைத் தட்டுகளைப் பார்த்தால் ஓவியக் கண்காட்சி போல இருக்கும். ஒவ்வொரு ரின்னிலும் ஒரு சித்திரம், ஒரு வேடிக்கைப் பெயர். விடுமுறைக்கு ஊர் வரும் எமது பிள்ளைகள் அந்த ரசனையையும் அதைப் பற்றிய பேச்சையும் பெட்டியோடு கொண்டுவருகிறார்கள். போர் முடிந்தபின் பாசிக்குடாவில் எழுந்த ஹோட்டல்கள் மிகுதியைச் செய்துவிட்டன.

ரின்னின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. பியருக்குக் கசப்பும் மணமும் தருவது ஹொப் என்னும் கொடியின் பூ. அதன் சாரத்தில் வெளிச்சம் பட்டால் இரசாயன மாற்றம் ஏற்பட்டு ஒருவகைத் துர்நாற்றம் உண்டாகும். போத்தல்களுக்கு மண்ணிறம் கொடுப்பதன் காரணமும் இதுதான். ரின்னுக்குள் வெளிச்சம் அறவே புகாது. காற்றும் எளிதில் புகாது. பாரம் குறைவு, உடையாது. நாவலடிக் கடற்கரையிலோ வாவி ஓரத்திலோ உடைந்த போத்தல் துண்டு மீனவனின் பாதத்தைக் கிழிப்பதை அறிந்தவர்கள், ரின் வந்தது நல்லதென்றே சொல்வார்கள். அலுமினியத்தைத் திரும்ப உருக்கலாம். புதிதாக அதைத் தயாரிக்கச் செலவாகும் சக்தியில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கே இதற்குப் போதும். ஆனால் உருக்குவதற்கு முதலில் யாராவது அதைப் பொறுக்க வேண்டும். கல்லடிப் பாலத்தின் கீழே எறிந்த ரின் தானாக நடந்து பழைய இரும்புக் கடைக்குப் போகாது.

பொருளாக ரின்னில் குற்றமில்லை என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் ஒட்டியிருக்கும் ‘கைவினை’ என்ற சொல்லைச் சற்றுச் சுரண்டிப் பார்க்க வேண்டும். அமெரிக்கச் சிறு ஆலைக்காரரின் சங்கம், ஆண்டுக்கு இருபது இலட்சம் பீப்பாய்க்கு மேற்படாமல் காய்ச்சுபவரே ‘சிறியவர்’ என்று முன்பு வரையறுத்திருந்தது. அவர்களுள் ஒருவர் வளர்ந்து அந்த வரம்பைத் தொட நெருங்கியதும், 2010இன் இறுதியில் வரம்பை அறுபது இலட்சம் பீப்பாய்க்கு உயர்த்திவிட்டார்கள். அவர்களுடைய பீப்பாய் ஒன்று ஏறக்குறைய 117 லீற்றர். ஆகவே ஆண்டுக்கு எழுபது கோடி லீற்றர் காய்ச்சுபவரும் சிறியவரே! இந்தியாவில் 2015இல் ‘பிரா 91’ என்ற கைவினைப் பியர் பெரும் புகழோடு வெளிவந்தது. இந்தியாவின் நாட்டு எண்ணான 91ஐப் பெயரிலேயே தாங்கிய அந்தப் பியர் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் காய்ச்சி இறக்குமதி செய்யப்பட்டது. ஏமாற்று என்று நாம் சொல்லவில்லை. கை என்பது எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்கிறோம்.

எமது விசேஷ வீடுகளில் நீட்டப்படுவது இந்தக் கைவினைப் பியர்கூட அன்று. பெரும்பாலும் அது பியகமையில் பெரிய ஆலையில் தயாராகும் லயன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நுவரெலியாவில் ஆங்கிலேயர் தம் தாகத்துக்குத் தொடங்கிய தொழிலின் இன்றைய வடிவம் அது. (அதன் கறுப்பு ஸ்ரௌட்டை மைக்கல் ஜாக்சன் என்பவர் உலகெங்கும் புகழ்ந்து எழுதினார். பாடகர் அல்லர், 2007இல் காலமான, பியரைப் பற்றியே எழுதிய ஆங்கிலேயர்.) கைவினையின் கௌரவம் இப்படித்தான் பரவுகிறது. எங்கோ ஒருவர் நுணுக்கமாகக் காய்ச்சிய பியருக்குக் கிடைத்த நற்பெயரை, ரின்னில் வரும் எல்லாப் பியரும் இரவல் வாங்கிக்கொள்கின்றன. இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் மதுவுக்கும் புகையிலைக்கும் விளம்பரம் செய்வதைத் தடைசெய்தது. பத்திரிகையில் போட முடியாது, மதிலில் எழுத முடியாது. ஆனால் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் ரின்னை யார் தடுப்பது? நான்கு இளைஞர் வாவிக்கரையில் நின்றால் நான்கு விளம்பரப் பலகைகள்.

இனி அந்த மருமகனின் கேள்விக்குக் கணக்காகவே மறுமொழி சொல்லலாம். சாதாரண லாகரில் மதுசாரம் 4.8 வீதம். ‘ஸ்ரோங்’ என்று விற்பதில் 8.8 வீதம். ஐந்நூறு மில்லிலீற்றர் கொண்ட ஸ்ரோங் ரின் ஒன்றில் தூய மதுசாரம் 44 மில்லிலீற்றர் இருக்கிறது. 33.5 வீதச் சாராயத்தில் இதே அளவு மதுசாரம் வேண்டுமானால் ஏறக்குறைய 130 மில்லிலீற்றர் குடிக்க வேண்டும். அதாவது, ஒரு கால் போத்தலில் முக்கால் பங்குக்கு நெருக்கம். இரண்டு ரின் குடித்தவர் கால் போத்தல் சாராயத்தைத் தாண்டிவிட்டார். அவரை யாரும் குடிகாரர் என்று சொல்வதில்லை. அவரும் தம்மை அப்படி நினைப்பதில்லை. ஈரலுக்கு ரின்னும் தெரியாது, போத்தலும் தெரியாது.

அரசாங்கமும் இந்த மருமகனைப் போலவே யோசித்த காலம் உண்டு. 2018ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தை 2017 நவம்பரில் சமர்ப்பித்த நிதியமைச்சர் மங்கள சமரவீர, மதுசாரத்தின் அளவுக்கேற்ப வரி என்ற முறையை முன்வைத்தார். பியரின் வரி குறைந்தது. வன்மதுவையும் கசிப்பையும் விட்டு மக்கள் மென்மதுவுக்கு மாறுவார்கள் என்பது சொல்லப்பட்ட நியாயம். அதில் உண்மை இல்லாமலில்லை. கசிப்பில் கண் இழந்தவனையும் உயிர் இழந்தவனையும் பற்றிக் கேள்விப்பட்ட எவரும் அதை அலட்சியமாகத் தள்ளமாட்டார். ஆனால் கசிப்பிலிருந்து பியருக்கு இறங்கிவரும் ஐம்பது வயதுக்காரரும், ஒன்றுமில்லாதிருந்து பியருக்கு ஏறிவரும் பதினெட்டு வயதுப் பையனும் ஒரே படியில் சந்திக்கிறார்கள். முதலாமவருக்கு அந்தப் படி மீட்சியாக இருக்கலாம். இரண்டாமவனுக்கு அது வாசற்படி. இருபத்தொரு வயதாகாதவர்களுக்கு விற்கக்கூடாதென்று சட்டம் சொல்கிறது. தகப்பனே எடுத்துக் கொடுக்கும்போது சட்டம் என்ன செய்யும்?

இங்கே பேச்சைச் சற்றுத் திருப்பி, எமது மண்ணின் கைவினைக் குடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கள்ளைச் சொல்கிறோம். அதைக் கைவினை என்று எவரும் அழைப்பதில்லை. ஆனால் உலகில் அந்தப் பெயருக்கு அதைவிடத் தகுதியுள்ள குடி இருக்குமா என்பது எமக்குச் சந்தேகமே. சீவல் தொழிலாளி விடியுமுன் மரம் ஏறுகிறார், பின்னேரமும் ஏறுகிறார். பாளையைக் கட்டி, நாட்கணக்காக மெல்லத் தட்டிப் பதப்படுத்தி, ஏறும் வேளைதோறும் நுனியை மெல்லிய தாளளவு சீவி, முட்டியைக் கட்டிவிட்டு இறங்குகிறார். ஒரு சீவல் கூடிப்போனால் பாளை கெடும். குறைந்தால் சாறு நிற்கும். முட்டிக்குள் சுண்ணாம்பு பூசியிருந்தால் சாறு இனிப்பாகவே இருக்கும். பூசாவிட்டால் காற்றிலும் முட்டியிலும் உள்ள நுரைமம் உடனே வேலையைத் தொடங்கும். ஆலை வேண்டாம், அடுப்பு வேண்டாம், ஹொப்பும் வேண்டாம். காலையில் இனிப்பு, மாலையில் உறைப்பு, மறுநாள் புளிப்பு, அதன்பின் வினாகிரி.

நாம் கவனிக்க வேண்டியது இந்தப் புளிப்பைத்தான். கள்ளுக்குத் தன்னுள்ளேயே ஓர் எல்லை இருக்கிறது. அதை வாங்கி அலுமாரியில் வைக்க முடியாது. சம்பள நாளில் வாங்கி மாதம் முழுவதும் சேமிக்க முடியாது. இறக்கிய ஊரைவிட்டு வெகுதூரம் போகாது. மரம் தந்த அளவுதான் தவறணைக்கு வரும், தீர்ந்தால் தீர்ந்ததுதான். ரின்னோ இந்த எல்லைகளை வெல்வதற்கென்றே உண்டானது. அது எப்போதும் இருக்கும், எங்கும் இருக்கும், எத்தனை வேண்டுமானாலும் இருக்கும். போயா தினத்தில் மதுக்கடைகள் மூடப்படும் என்பதற்காக முதல்நாளே குளிர்பெட்டியை நிரப்பி வைக்க உதவுவது ரின்தான், முட்டி அன்று.

இப்படிச் சொல்வதால் கள்ளுத் தவறணையை நாம் பொற்காலமாகச் சித்திரிக்கிறோம் என்று எவரும் எண்ணவேண்டாம். நாட்கூலி முழுவதையும் அங்கே விட்டுவிட்டு வெறுங்கையோடு வீடு வந்தவர்கள் அநேகர். அடுப்பெரியாத வீட்டில் அடியும் வாங்கிப் படுத்த பெண்கள் அதைவிட அநேகர். மரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்த தொழிலாளியைத் தவறணைக் குத்தகைக்காரர் திரும்பிப் பார்த்ததுமில்லை. 1970களில் வடபகுதியில் அமைந்த பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்களே அந்தப் பிடியை ஓரளவு தளர்த்தின. கள்ளும் குடிதான், அதுவும் வெறிக்கும்.

ஆயினும் ஒரு நேர்மையீனத்தைச் சுட்டாமல் விட முடியவில்லை. ரின்னை முன்விறாந்தைக்கு அழைத்தவர்கள், கள்ளு முட்டியோடு வரும் மனிதரை இன்றும் பின்படலையால் வரச்சொல்கிறார்கள். இரண்டிலும் மதுசாரம் ஏறக்குறைய ஒரே வீதம்தான். பின் எதற்கு இரண்டு வாசல்? விடை எல்லோருக்கும் தெரியும், சொல்லத்தான் கூச்சம். ஒன்றைத் தயாரித்தவரின் முகம் எமக்குத் தெரியாது. மற்றையதைத் தயாரித்தவரின் முகமும் குலமும் குடிசையும் தெரியும். கையால் செய்தது என்ற பெருமைக்காக வெளிநாட்டு ரின்னுக்கு மேலதிக விலை கொடுக்கும் எமது பிள்ளைகள், கண்முன்னே காய்த்துப்போன அந்தக் கையை இழிவாகப் பார்க்கிறார்கள். தமிழ்நாட்டில் இதைச் சட்டமாகவே செய்தார்கள். அங்கே 1987 ஜனவரி முதல் கள் இறக்குவதும் விற்பதும் தடைசெய்யப்பட்டது. 2003இன் இறுதியிலிருந்து அரசின் டாஸ்மாக் நிறுவனமே கடை திறந்து பிராந்தியும் பியரும் சில்லறையாக விற்கிறது. ஏழை மரத்தில் ஏறி இறக்கினால் குற்றம்; ஆலை காய்ச்சி அரசு விற்றால் வருமானம். மதுவிலக்கு என்ற புனிதமான பெயர் இப்படியும் பயன்படலாம் என்பதைக் குடியை எதிர்க்கும் நாமும் கவனத்தில் கொள்வது நன்று.

எல்லையுள்ள கைவினைக்கு ஐரோப்பாவிலும் ஓர் உதாரணம் உண்டு. பெல்ஜியத்தின் வெஸ்ற்விளேற்றரன் என்னும் சிற்றூரிலுள்ள புனித சிக்ஸ்ரஸ் மடத்துத் துறவிகள் தம் சீவியத்துக்காகப் பியர் காய்ச்சுகிறார்கள். 2005இல் உலகின் மிகச்சிறந்த பியர் அவர்களுடையதே என்று குடிப்பவர்கள் தேர்ந்தெடுக்க, மடத்து வாசலில் வாகனங்கள் வரிசையாக நின்றன. வேறு எவரானாலும் மறுநாளே இரண்டாவது ஆலைக்கு அத்திவாரம் இட்டிருப்பார்கள். துறவிகள் அளவைக் கூட்டவில்லை. மடத்தின் தேவைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவே காய்ச்சினார்கள். முன்கூட்டிப் பதிந்தவருக்கு எண்ணியே கொடுத்தார்கள். கள்ளுக்கு இயற்கை இட்ட எல்லையை இவர்கள் தம் மனத்தால் இட்டுக்கொண்டார்கள். கைவினை என்பதற்கு எமக்குத் தெரிந்த பொருள் இதுதான்: செய்பவன் போதும் என்று சொல்லத் தெரிந்திருப்பது. எழுபது கோடி லீற்றருக்குப் பிறகும் போதும் என்று சொல்லாதவனுக்கு அந்தச் சொல்லை எப்படிக் கொடுப்பது?

இப்போது வெட்கத்துக்கு வருவோம். ரின் பியரை ஆதரிக்கும் ஓர் அறிவாளி இப்படி வாதிடலாம்: “முன்பு மனிதர் ஒளித்துக் குடித்தார்கள். ஊருக்குப் பயந்து பின்வளவில் குடித்ததில் என்ன ஒழுக்கம் இருந்தது? அது வெறும் பாசாங்கு. இப்போது முன்னால் இருந்து மரியாதையாகக் குடிக்கிறார்கள். பாசாங்கு போய் உண்மை வந்திருக்கிறது. இதற்கு நீங்கள் மகிழ வேண்டாமா?”

வாதம் வலுவானது. மேனாட்டு ஞானிகளே அதற்குப் பாதி சாட்சி சொல்கிறார்கள். வெட்கம் ஒரு புண்ணியம் அன்று, அது ஓர் உணர்ச்சியே என்றார் அரிஸ்ரோட்டில். இளையோருக்கு அது அழகு. முதிர்ந்தவன் வெட்கப்படத்தக்க காரியத்தைச் செய்யவே கூடாதாகையால், அவன் வெட்கப்படுவதைப் புகழ முடியாது என்பது அவர் கருத்து. புனித தோமஸ் அக்குவினாஸ் அவரைப் பின்பற்றி, வெட்கம் முழுமையான புண்ணியமாகாது, ஆயினும் போற்றத்தக்கது என்றார். குடியைப் பற்றியும் அவர் கண்மூடித்தனமாகப் பேசவில்லை. உடலுக்குப் பெருந்தீங்கு வருமளவு ஒருவன் வேண்டுமென்றே திராட்சை இரசத்தைத் தவிர்த்தால் அதுவும் குற்றம் என்று சொல்லும் துணிவு அவருக்கிருந்தது. கானாவூர்க் கலியாணத்தை நினைவில் வைத்திருந்தவர் வேறெப்படிச் சொல்வார்? அவர் காலத்தில் இல்லாத ஓர் அறிவு இன்று எமக்குண்டு. மதுசாரம் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 1988இல் வகைப்படுத்தியது. தீங்கற்ற அளவு என்று ஒன்றைச் சொல்ல முடியாதென உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம் 2023இல் அறிவித்தது. ஞானோபதேசத்தில் நாம் படித்த மட்டசனம் என்ற புண்ணியம் இதனால் பொய்த்துவிடவில்லை. மட்டு எது என்பதைக் குறிக்கும் கோடு கீழே இறங்கியிருக்கிறது.

அதே தோமையார் வெட்கத்தைப் பற்றிச் சொன்ன இன்னொன்றையும் அந்த அறிவாளிக்கு எடுத்துக்காட்ட வேண்டும். முன்பின் அறியாதவர்களைவிட எம்மோடு உறவும் பழக்கமும் உள்ளவர்கள் முன்னிலையிலேயே நாம் கூடுதலாக வெட்கப்படுகிறோம் என்கிறார் அவர். உண்மைதானே? கொழும்பு வீதியில் தள்ளாடியவன் தன் ஊர்ச் சந்தியில் நிமிர்ந்து நடக்கிறான். ஊர்க்கண் என்று நாம் சலித்துக்கொள்வது இதைத்தான். அந்தக் கண்ணில் ஏளனம் இருக்கிறது, சாதித் திமிர் இருக்கிறது, வம்பு இருக்கிறது. ஆனால் ஒருவன் வழமைக்கு மாறாக மூன்றாவது பிளாவைக் கேட்கும்போது “இண்டைக்குக் காணும் மச்சான், எழும்பு, வீட்டை போவம்” என்று கைபிடித்துத் தூக்கியதும் அதே கண்தான். வெட்கம் புண்ணியமாக இல்லாமலிருக்கலாம். புண்ணியம் வளரும்வரை நாற்றைச் சுற்றி நட்ட வேலி அது. மரம் வளர்ந்துவிட்டதா என்று பாராமல் வேலியைப் பிடுங்குவது விவேகமா?

அந்த அறிவாளி சொல்வதுபோல் ரின் வெட்கத்தை வென்றது உண்மையால் அன்று. குடிக்கும் காரியத்தின் பெயரை மாற்றி வென்றது. பாசாங்கு போகவில்லை, பின்வளவிலிருந்து முன்விறாந்தைக்கு இடம் மாறியிருக்கிறது. பின்வளவில் இருந்தவனுக்குத் தான் குடிப்பது தெரியும். முன்விறாந்தையில் இருப்பவன் தான் குடிக்கவில்லை, பியர்தான் அருந்துகிறான் என்று நினைக்கிறான். இரண்டாமவனுக்குப் புத்தி சொல்வது கடினம்.

இன்னொன்றும் நடக்கிறது. முன்விறாந்தையோடு நிற்காமல் ரின் அறைக்குள்ளும் போகிறது. கடையில் கறுப்புப் பையில் போட்டுத் தருகிறார்கள், படுக்கையறைச் சிறு குளிர்பெட்டியில் அடங்குகிறது, வாசனையும் அவ்வளவாக இல்லை. வெளிநாட்டிலிருந்து பணம் வரும் பெரிய வீடுகளில் தனியே இருக்கும் ஆண்கள், யாரோடும் பேசாமல், தொலைபேசித் திரையைப் பார்த்தபடி ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கிறார்கள். ஏளனம் செய்யும் கண்ணும் அங்கில்லை, காணும் எழும்பு என்று சொல்லும் கண்ணும் இல்லை. போரிலும் 2004இன் கடற்கோளிலும் சொல்ல முடியாதவற்றைக் கண்ட ஒரு தலைமுறை இந்த வாவிக்கரையில் இருக்கிறது. அவர்களுக்கு இந்தத் தனிமையை மலிவாகவும் அழகாகவும் அடைத்து விற்பதில் உள்ள ஆபத்தை நாம் விளக்க வேண்டியதில்லை.

ஊர்க்கண் நல்லவிதமாகத் திறந்த நாளையும் இம்மாவட்டம் கண்டிருக்கிறது. 2017இல் கல்குடாப் பகுதியில் எத்தனோல் ஆலை கட்டப்பட்டபோது மக்கள் வீதிக்கு வந்து எதிர்த்தார்கள். செய்தி சேகரிக்கச் சென்ற செய்தியாளர் இருவர் துரத்தப்பட்டார்கள். எங்கள் பிள்ளைகளின் எதிர்காலத்தை வடித்து விற்காதீர்கள் என்ற எண்ணமே அந்த எதிர்ப்பில் நின்றது. அதில் நின்றவர்களை நாம் மதிக்கிறோம். ஆனால் எதிரி மதிலுக்கு அப்பால் புகைபோக்கியோடு நிற்கும்போது அடையாளம் காண்பது எளிது. அதே சரக்கு வண்ண ரின்னாக மாறி, மகளின் முதல் நன்மை விருந்துக்கு மைத்துனர் கொண்டுவரும் பெட்டிக்குள் இருந்தால் யார் சுலோகம் ஏந்துவது?

செய்யக்கூடியது என்ன என்று சில குடும்பத் தலைவர்களோடு பேசிப் பார்த்தோம். குடி பரிமாறுவதென்றே ஒரு வீட்டார் தீர்மானித்துவிட்டால், ரின்னானாலும் முட்டியானாலும் ஒரே இடத்தில், பெரியவர்கள் கண்முன், அளவு சொல்லிப் பரிமாறட்டும் என்பது எமது யோசனை. இருபத்தொரு வயதாகாதவனுக்குத் தகப்பன் கையால் கொடுக்கக்கூடாது. முட்டி கொண்டுவரும் மனிதருக்கும் அதே விறாந்தையில் ஒரு கதிரை போட வேண்டும். சிலர் ஒப்புக்கொண்டார்கள். கதிரை விஷயத்தில் இருவர் பேச்சை மாற்றினார்கள்.

பெண்களிடமும் கேட்டோம். பல ஆண்டுகள் குடிகாரக் கணவனோடு வாழ்ந்து இப்போது தனியாகப் பிள்ளைகளை வளர்க்கும் ஒரு தாய் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டார். துறவிகளின் கதை அவருக்குப் பிடித்திருந்தது. பின்பு, “முன்னுக்கு வைச்சுக் குடிச்சாலும் பின்னுக்கு வைச்சுக் குடிச்சாலும் மறுகா வாறது எங்கட அறைக்குத்தானே” என்றார். இதற்கு மறுமொழி கூறும் தகுதி அந்த முன்விறாந்தைகளில் அமர்ந்திருப்பவர்களுக்கே உண்டு. அவர்கள் அடுத்த விருந்துக்கு முன் தம் வீட்டுப் பெண்களைக் கேட்டுவிட்டுப் பெட்டிக்குச் சொல்லி அனுப்பட்டும்.